குதிகாலுக்கும் முறைப் பாசனம்

தஞ்சாவூரிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் பாதயாத்திரைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்



ஆகஸ்ட் கடைசி வாரம். விடியற்காலை மூன்றரை மணி. நீடாமங்கலம் பக்கம் சாலையோரக் கல்யாண மண்டபத்தில் இரவு தங்கிய குழு ஒன்று எழுந்து புறப்படுகிறது. ஜமக்காளத்தைச் சுருட்டுகிறார்கள், பைகளை வண்டியில் ஏற்றுகிறார்கள், சப்பரத்து விளக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் எழுந்த இடத்திலேயே சுவரைப் பிடித்தபடி நிற்கிறார். பிறகு வலது காலின் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதிகால் தரையில் படாமல், குழாயடி வரைக்கும் நொண்டி நொண்டிப் போகிறார். பத்துப் பதினைந்து அடி போனதும் முகம் கொஞ்சம் தெளிகிறது. பல் துலக்கி முடிப்பதற்குள் இரண்டு காலிலும் சமமாக நிற்கிறார். “என்னண்ணே, முடியுதா?” என்று பக்கத்தில் இருக்கும் பையன் கேட்டால், “அதெல்லாம் சரியாப் போச்சு தம்பி” என்கிறார். அன்றைக்கு அவருக்கு இன்னும் 30 கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது.

இந்த ஒருவர் ஏதாவதொரு பெயரில் உங்கள் குழுவில் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார். இம்மடல் அவருக்காகவும், அவரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

ஊரில் இதற்குப் பெயர் குதிவாதம். மருத்துவச் சீட்டில் ‘பிளான்டர் ஃபேசியைட்டிஸ்’ என்று எழுதியிருக்கும். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ‘போலீஸ்காரர் குதிகால்’ என்றே இதை அழைத்தார்கள். நாளெல்லாம் தெருத் தெருவாக ரோந்து சுற்றியவர்களின் வலி அது. வாழ்நாளில் பத்தில் ஒருவருக்காவது இது வந்துபோகும் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. இதன் அடையாளம் அந்த முதல் அடிதான். படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடியில் ஊசி குத்தினாற்போல இருக்கும், நடக்க நடக்கத் தணியும். ஓய்ந்து உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி குத்தும். குதிகாலின் அடியில், உட்புறம் சற்று முன்தள்ளி ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஆளே துள்ளுவார்.

நீங்கள் நடக்கும் வழி இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. தஞ்சாவூர், சாலியமங்கலம், அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம். அங்கிருந்து தெற்கே திரும்பினால் மாதா கோயில். 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர்களும், செப்டம்பர் 7 தேருக்கும் 8-ஆம் தேதி பிறந்தநாள் விழாவுக்கும் போகிறவர்களும் பெரும்பாலும் மூன்று நாளில் இதை முடிக்கிறார்கள். காவி உடுத்தி நடக்கிறவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, இந்துக்களும் உண்டு. கடை வைத்திருப்பவர், வங்கியில் வேலை பார்ப்பவர், பள்ளி ஆசிரியை, ஆட்டோ ஓட்டுபவர் என்று எல்லாரும் உண்டு. வருஷம் முழுக்க ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்திராத கால் அந்த மூன்று நாளில் தினமும் பத்து மடங்கு நடக்கிறது. அதுவும் வெறுங்காலோடு, தார்ச்சாலையில்.

காலுக்கு அடியில் இருப்பது ஒரு வடம். குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி, உள்ளங்கால் முழுக்கப் பட்டையாக ஓடி, ஐந்து விரல்களின் வேர்வரை விரிந்து முடியும் கெட்டியான நார்த்திசு அது. நடக்கையில் குதிகால் எழும்பி, விரல்கள் பின்னோக்கி மடங்கும்போது இந்தப் பட்டை விரல் மூட்டுகளில் சுற்றிக்கொண்டு இழுபடும். இழுபட்டதும் பாதத்தின் வளைவு உயர்ந்து இறுகும். கப்பியில் சுற்றிய கயிறு வேலை செய்யும் விதமே இது. 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆங்கில உடற்கூறு ஆய்வாளர் இதைத் தெளிவாக விளக்கினார். ஒவ்வொரு அடியிலும் கால் ஒரு முறை நெகிழ்ந்து தரைக்கு ஏற்ப அமர்கிறது, ஒரு முறை விறைத்து உடம்பை முன்னே தள்ளுகிறது. 100 கிலோமீட்டர் என்றால் இரண்டு காலுமாக ஒரு லட்சம் அடிக்கு மேல். திருவாரூர்த் தேர் வடத்தைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே இழுப்பில் அறுவதில்லை. இழை இழையாகத்தான் தளர்கிறது. குதிகால் எலும்பில் இந்தப் பட்டை பற்றியிருக்கும் இடத்தில் நடப்பதும் அதுதான்.

பெயரில் ‘ஐட்டிஸ்’ இருப்பதால் இதை வீக்கம், அழற்சி என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2003-இல் அமெரிக்கக் கால் மருத்துவர் ஹார்வி லெமான்டும் உடன் இருந்தவர்களும், குதிகால் அறுவைச் சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். அழற்சியின் அடையாளம் அங்கே இல்லை. நார்கள் சிதைந்து, ஒழுங்கு குலைந்து கிடந்தன. வலிமாத்திரை போட்டால் அந்த நேரத்துக்குக் குறைகிறதே தவிர ஏன் தீர்வதில்லை என்ற கேள்விக்கு இது பெரிய பதில். தளர்ந்துபோன நாரைத் திரும்பப் பின்ன வேண்டும். அதைப் பின்ன நாளாகும். அளவான சுமையும் வேண்டும்.

இந்த ‘அளவான சுமை’ என்ற சொல்லைத்தான் குழுத் தலைவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் நம் ஊரில் குதிவாதம் வந்தவருக்கு இரண்டே இரண்டு யோசனைதான் கிடைக்கிறது. ஒன்று, “ஒரு மாசம் காலைத் தரையில் வைக்காதே.” இன்னொன்று, “மாதா பார்த்துக்குவா, நட.” முதல் யோசனையில் கெண்டைக்கால் தசை இறுகி, பாதம் பலம் இழந்து, ஒரு மாதம் கழித்து எழுந்து நடக்கும்போது பழைய வலியே திரும்பி வருகிறது. இரண்டாவதில் இழைத்தளர்ச்சி இன்னும் கூடுகிறது. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. வாய்க்காலை அடைத்தே வைத்தால் பயிர் காயும். மதகை ஒரே மூச்சாகத் திறந்தால் கரை உடையும். தண்ணீர் குறைவான காலத்தில் சில நாள் விட்டு, சில நாள் நிறுத்தி, அடுத்த வாய்க்காலுக்குத் திருப்பும் முறைப் பாசனத்தில்தான் இங்கே எத்தனையோ முறை பயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். குதிகாலுக்கும் அதுவே வழி.

யாருக்கு வருகிறது என்பதிலும் தெளிவு இருக்கிறது. அமெரிக்காவில் டேனியல் ரிடில் என்ற இயன்முறை மருத்துவ ஆய்வாளர் குழு 2003-இல் இந்த வலி உள்ள 50 பேரை, வலி இல்லாத 100 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தது. கணுக்காலை முன்னோக்கி மடக்க முடியாதபடி கெண்டைக்கால் இறுகியவர்கள், உடல் எடை மிகுந்தவர்கள், வேலை நேரத்தில் பெரும்பகுதி நின்றே கழிப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினரிடமும் வலி கூடுதலாக இருந்தது. அதில் கெண்டைக்கால் இறுக்கமே எல்லாவற்றிலும் பெரிய காரணம். இந்த மூன்றையும் நம் ஊரில் வைத்துப் பாருங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு சிமெண்டுத் தரையில் நாள் முழுக்க நடக்கும் சுமைதூக்கும் தொழிலாளி, கரும்பலகை முன்னால் ஆறு பீரியட் நிற்கும் ஆசிரியை, ஜவுளிக்கடையில் உட்கார நேரமில்லாத பெண். வீட்டில் இருப்பவர்களும் தப்பவில்லை. பழைய வீட்டில் சாணி மெழுகிய தரையில் சமைத்தவர்களின் பெண்களும் மருமகள்களும் இன்றைக்கு டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு விடிகாலை ஐந்து மணியிலிருந்து நிற்கிறார்கள். வீட்டுக்குள் செருப்புப் போடும் பழக்கம் நமக்கு இல்லைதான். ஆனாலும் வெளியே போடாத, கழுவிச் சுத்தமாக வைத்த மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி சமையலறைக்கென்று தனியாக இருந்தால் எந்த ஆசாரமும் கெட்டுவிடாது. குதிவாதம் உள்ள வீட்டில் முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

வெறுங்கால் நடையைப் பற்றிச் சொல்லாமல் இம்மடல் முழுமை பெறாது. வெறுங்காலோடு நடப்பது நேர்த்திக்கடன். அதில் யாரும் கை வைக்க முடியாது. வெறுங்கால் என்பதே கெடுதல் என்று மருத்துவமும் சொல்லவில்லை. 1992-இல் கர்நாடகக் கடற்கரைப் பகுதியில் ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்துப் பார்த்தார்கள். செருப்பு, ஷூ போட்டே வளர்ந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காடுதான். வரப்பிலும் சேற்றிலும் நடந்து வளர்ந்த பாதம் வளைவோடு, பலத்தோடு இருக்கிறது. உங்கள் குழுவில் இருக்கும் எழுபது வயது விவசாயத் தொழிலாளி அலுங்காமல் நடந்துவிடுவதும், முப்பது வயது அலுவலக ஊழியர் கொரடாச்சேரியில் உட்கார்ந்துவிடுவதும் இதனால்தான். பக்தியில் கூடக் குறைச்சல் என்று இருவரையும் ஒப்பிடுவது நியாயமில்லை. ஒருவர் காலுக்கு அறுபது ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. இன்னொருவர் காலுக்கு மூன்று நாள்கூட இல்லை.

அந்தப் பயிற்சிக்கு ஒரு தேதியை இம்மடல் முன்வைக்கிறது. மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அன்றிலிருந்து கொடியேற்றத்துக்கு முந்தின நாளான ஆகஸ்ட் 28 வரை எண்ணினால் சரியாக 77 நாள், 11 வாரம். 2024-இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-இல்தான் அணை திறந்தது. ஆனாலும் நாட்காட்டியில் ஜூன் 12 இருந்தது. அணை திறக்கிற ஆண்டிலும் முதல் நாளே முழு அளவு விடுவதில்லை. சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். உங்கள் கால்களுக்கும் அதே நாளில், அதே விதத்தில் மதகைத் திறக்கலாம்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை அளக்கக் கிலோமீட்டர்கூட வேண்டாம், ஆறுகள் போதும். ஊரிலிருந்து வடக்கே திருவையாறு போகும் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வடவாற்றுப் பாலம் வரை போய்த் திரும்புங்கள். அடுத்த இரண்டு வாரம் வாரத்தில் ஒரு நாள் வெண்ணாறு வரை. ஜூலை நடுவில் வெட்டாறு, ஜூலைக் கடைசியில் கண்டியூரைத் தாண்டிக் குடமுருட்டி, திரும்புவது பேருந்தில். ஆகஸ்ட் முதல் வாரத்தில் காவிரி தாண்டித் திருவையாறு. சுதந்திர தின விடுமுறையில் விடிகாலை புறப்பட்டுத் திருவையாறு போய், பகல் முழுக்க அங்கே இளைப்பாறி, வெயில் தாழ்ந்ததும் நடந்தே திரும்பினால் உங்கள் கால் யாத்திரையின் ஒரு நாளைப் பார்த்துவிட்டது என்று பொருள். மறுநாளும் கொஞ்ச தூரமாவது நடக்க வேண்டும், ஏனென்றால் யாத்திரையில் இரண்டாம் நாள் உண்டு. வெறுங்காலோடு போகிறவர்கள் முதலில் செருப்போடு பழகிவிட்டு, ஒவ்வொரு வாரமும் கடைசிக் கொஞ்ச தூரத்தை மட்டும் வெறுங்காலாக்கிக் கூட்டுங்கள். கடைசி வாரம் மதகை அடைத்துவிடலாம். சின்னச் சின்ன நடை போதும்.

பாலத்துக்குப் பாலம் போகிற நாட்களுக்கு நடுவில் இரண்டு பயிற்சிகள் உண்டு. இரண்டும் ஆராய்ச்சியில் தேறியவை, காசு செலவில்லாதவை.

முதலாவது காலையில் தரையில் கால் வைக்கும் முன் செய்வது. கட்டிலிலோ பாயிலோ உட்கார்ந்தபடி வலிக்கிற காலைத் தூக்கி மறுகால் முட்டியின்மேல் போடுங்கள். அந்தப் பக்கத்துக் கையால் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து, முழங்காலை நோக்கிப் பின்னால் வளையுங்கள். மறுகையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் வீணைத் தந்தி மாதிரி ஒரு பட்டை விறைத்து நிற்பது தெரியும். அதுதான் அந்த வடம். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்து முறை. இப்படி நாளைக்கு மூன்று வேளை. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் டிஜியோவானி என்ற எலும்பு மருத்துவர் 2003-இல் 101 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார். நாள்பட்ட குதிகால் வலியோடு அலைந்தவர்கள் அவர்கள். வழக்கமான கெண்டைக்கால் நீட்டலைவிட இந்த விரல் இழுப்பு எட்டே வாரத்தில் கூடுதல் பலன் தந்தது. இரண்டு ஆண்டு கழித்து விசாரித்தபோது பத்தில் ஒன்பது பேர் திருப்தி என்றார்கள்.

இரண்டாவது, வீட்டுத் திண்ணைப் படியில். ஒரு துண்டை இறுக்கிச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மடங்கி ஏறி நிற்கும்படி ஒற்றைக் காலில் நில்லுங்கள். குதிகால் படிக்கு வெளியே தொங்கட்டும். சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். மூன்று எண்ணி மெல்ல உயருங்கள், இரண்டு எண்ணி மேலே நில்லுங்கள், மூன்று எண்ணி இறங்குங்கள். பன்னிரண்டு முறை முடிவதற்குள் கெண்டைக்கால் தளர்ந்துவிட வேண்டும். இப்படி மூன்று சுற்று. சுலபமாகிவிட்டால் முதுகில் ஒரு பையை மாட்டி, இரண்டு கிலோ அரிசி போட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் முடியாதவர்கள் இரு காலிலும் தொடங்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும் செய்ய வேண்டும். திசு தன்னைப் பின்னிக்கொள்ள அந்த இடை நாள் வேண்டும். டென்மார்க்கில் மைக்கேல் ரத்லெஃப் குழுவினர் 48 பேரிடம் இதை விரல் இழுப்போடு ஒப்பிட்டார்கள். மூன்றாம் மாதத்தில் படிப் பயிற்சி செய்தவர்கள் தெளிவாக முந்தியிருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் சமமாக வந்துவிட்டன. அதாவது எந்த வழியில் போனாலும் ஆறும், இந்த வழி கொஞ்சம் வேகம். ஜூன் 12-க்கும் ஆகஸ்ட் 28-க்கும் நடுவில் இருப்பது ஏறக்குறைய அந்த மூன்று மாதம்தான்.

எவ்வளவு வலியைப் பொறுத்துக்கொண்டு நடக்கலாம் என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஒரு நல்ல அளவுகோல் உங்கள் வசமே இருக்கிறது. மறுநாள் காலை முதல் அடி. நேற்று நடந்தபோது லேசாக வலித்தது, இன்று காலை முதல் அடி முந்தின வாரத்தைப் போலத்தான் இருக்கிறது என்றால் பாதகமில்லை, அதே தூரத்தைத் தொடருங்கள். முதல் அடி கூடுதலாகக் குத்தினால் நேற்றைய தூரம் அதிகம். ஒரு பாலம் பின்வாங்குங்கள். முதல் அடி இதமானால் அடுத்த பாலம். பின்வாங்கிய நாட்களில் சும்மா இருக்க வேண்டியதில்லை, சைக்கிளை எடுங்கள். இந்தச் சமவெளியில் சைக்கிள் மிதிப்பதைப் போல, குதிகாலைச் சிரமப்படுத்தாமல் மூச்சையும் தொடையையும் பழக்கும் வேலை வேறில்லை. நீச்சல் தெரிந்தவர்களுக்கு அதுவும் நல்லது.

11 வாரத்திலும் வலி அடங்காதவர்கள் இருப்பார்கள். பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலேயே இந்த வலி தீர்ந்துவிடும், ஆனால் சிலருக்கு அதற்கு ஓராண்டுவரைகூட ஆகும். அவர்களை என்ன செய்வது என்பதில்தான் குழுத் தலைவரின் மனசு தெரிய வேண்டும். “வராதே” என்று சொல்ல வேண்டாம். திருவாரூரில் சேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். அங்கிருந்து 35 கிலோமீட்டர் அளவில்தான். அதுவும் கூடாது என்றால் நாகப்பட்டினத்தில் சேரட்டும், கடைசி 12 கிலோமீட்டரை எல்லோரோடும் சேர்ந்து நடக்கட்டும். தஞ்சாவூரிலிருந்து வண்டியில் வந்து ஒவ்வொரு தங்குமிடத்திலும் உலை வைத்துக் காத்திருக்கிறவரும் யாத்திரை செய்தவர்தான். இதை முதல் கூட்டத்திலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால் யாரும் வலியை மறைக்க மாட்டார்கள். மறைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

மறைப்பதற்கு மருந்துக்கடையும் கைகொடுக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. யாத்திரைக்கு ஒரு வாரம் முன்னால் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும் என்பது உண்மை. நார்ப்பட்டை அறுந்துபோகும் வாய்ப்பைக் கூட்டுவதும், குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்புத் திசுவை இளைக்கச் செய்வதும் அதே ஊசிதான். வலி என்ற காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டு 100 கிலோமீட்டர் நடப்பதற்கு அது உகந்ததல்ல. அதேபோல வழியில் வேளைக்கு ஒன்றாக வலிமாத்திரை விழுங்குவது. வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இது பயமுறுத்தல் இல்லை, மருத்துவர்கள் அன்றாடம் எச்சரிக்கும் விஷயம்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து “எலும்பு வளர்ந்திருக்கு, அதான் குத்துது” என்று கேட்டுவிட்டு வந்தவர்கள் மனம் தளர வேண்டாம். குதிகால் எலும்பில் முள் போன்ற வளர்ச்சி, வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் இருக்கிறது. வலி தீர்ந்த பிறகும் அந்த முள் அங்கேயே இருக்கும்.

செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலையை அடுக்கி, குதிகாலை அழுத்தி எடுக்கும் பாட்டி வைத்தியத்துக்கு வருவோம். சூடு இதமாக இருக்கும், இறுக்கம் தளரும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுக்கும், எனவே இலையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றித் தரையில் போட்டு உள்ளங்காலால் பத்து நிமிடம் உருட்டுவதும் அதே போன்ற இதம்தான். யாருக்கு எது பிடிக்கிறதோ செய்யலாம், ஒரு தரப்பாரைத் தவிர.

அந்தத் தரப்பார் சர்க்கரை நோயாளிகள். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உண்டு. நூறு பேர் நடக்கும் குழு என்றால் 14 பேர். அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். குறைந்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. சுட்ட செங்கல் தோலை வேகவைத்தாலும் உறைக்காது. ஆகஸ்ட் மாதத்து மதியத் தார்ச்சாலை கொப்புளம் போட்டாலும் தெரியாது, மாலையில் காலைக் கழுவும்போதுதான் பார்ப்பார்கள். கொப்புளத்தில் தொடங்கி விரலை எடுப்பதில் முடிந்த கதைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. இவர்களுக்கு வெறுங்கால் நேர்த்தியிலிருந்து விலக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பு குழுவுடையது. பங்குச் சாமியாரோ குடும்பப் பெரியவரோ ஒரு வார்த்தை சொன்னால் மனம் ஒப்பி நடப்பார்கள். நுண்துளை ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு அவர்களுக்கென்றே கிடைக்கிறது. உணர்ச்சியற்ற பாதங்களைக் காப்பாற்ற அந்த ரப்பரைச் செருப்பாக்கிய வேலை நம் மாநிலத்தில், வேலூரில், டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயாளிகளுக்காகச் செய்தது. குதிவாதம் மட்டும் உள்ளவர்களுக்கும் அது ஏற்றதுதான். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பாதத்துக்கு அச்செடுத்துச் செய்த உள்தாங்கிதான் வேண்டும் என்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 135 பேரை வைத்து 2006-இல் வெளியான சோதனையில், ஓராண்டு முடிவில் அதற்கும் கடையில் வாங்கிய சாதாரணத் தாங்கிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தேய்ந்து தட்டையான ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடுவது எல்லாவற்றிலும் முந்திச் செய்ய வேண்டியது.

குதிகாலில் வரும் வலியெல்லாம் குதிவாதம் இல்லை. குதிகாலை இருபுறமும் உள்ளங்கைகளால் அமுக்கினால் சுருக்கென்று வலித்து, நடக்க நடக்கக் கூடிக்கொண்டே போனால் எலும்பில் விரிசல் இருக்கலாம். எரிச்சலும் மரத்துப்போதலும் இருந்தால் நரம்பு. இளவயதுக்காரருக்கு இரண்டு குதிகாலிலும் வலி, கூடவே விடியற்காலையில் இடுப்பு விறைத்துக்கொள்கிறது என்றால் அது முதுகெலும்பு வாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். திடீரென்று ‘டப்’பென்று அறுந்தாற்போல் உணர்ந்து உள்ளங்கால் கன்றிப்போனால் அந்த இடத்திலேயே நடையை நிறுத்த வேண்டும். இவர்களெல்லாம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பியல் பிரிவையோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ பார்ப்பது நல்லது. கிராமங்களில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் சேர்ந்தே இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடமே கேட்டுப் பார்க்கலாம்.

குழுவின் வண்டியில் மைக் செட்டுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே ஒரு கூடைக்கு இடம் ஒதுக்குங்கள். அதில் மெத்தென்ற செருப்பு நாலைந்து அளவுகளில், ஸ்பாஞ்சு வைத்த குதிகால் தாங்கிகள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், சுத்தமான துணி, ஒரு டார்ச். இரவு தங்கும் இடத்தில் சாப்பாடு முடிந்ததும் அந்த டார்ச் கை மாறி எல்லோர் உள்ளங்காலையும் பார்க்கட்டும். விடியற்காலை எழுந்ததும் ஜமக்காளத்தில் உட்கார்ந்தபடியே எல்லோரும் ஒன்றாக விரல்களை இழுக்கட்டும். அதற்குப் பிடிப்பது நாலைந்து நிமிடம்தான். முதல் செபத்தைச் சொல்லிக்கொண்டே செய்யலாம்.

போய்ச் சேர்ந்து, மாதாவைப் பார்த்து, மொட்டையோ மெழுகுவர்த்தியோ செலுத்திவிட்டு, மணல் பாதையில் மாதா குளம் வரை போய்வந்து, பேருந்தில் ஊர் திரும்பி அடித்துப் போட்டாற்போல் தூங்குவீர்கள். மறுநாள் காலை எழுந்ததும் தரையில் கால் வைக்காமல் உட்கார்ந்து பத்து முறை விரல்களை இழுங்கள். பிறகு முதல் அடியை வையுங்கள். அது எப்படி இருந்தது என்று குழுவின் வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். யார் யாருக்குக் குத்தியது, எந்தக் காலில், எத்தனை அடிவரை என்று ஒரு நோட்டில் தலைவர் குறித்து வைக்கட்டும். அடுத்த ஜூன் 12-ஆம் தேதி முதல் கூட்டத்தில் அந்த நோட்டைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வழியில் குடியிருக்கும் ஒருவர்